இன்சூரன்ஸ் பணம் வாங்கினா உதவித்தொகை நின்னுடுமா? மலையில நிறைய குடும்பம் இந்தப் பயத்துலயே வர்ற பணத்தை விடுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கத்துல இ-சேவை மையம் நடத்திட்டு வர்றேன். மாற்றுத்திறனாளி மருத்துவ முகாம் எந்த தேதி எந்த ஊர்னு நம்ம பேப்பர்ல போடுறீங்கல்ல, அதைக் கத்தரிச்சு கடைக் கண்ணாடியில ஒட்டி வைப்பேன், அதைப் பார்த்துட்டு விவரம் கேக்க நிறைய பேர் உள்ள வருவாங்க. அவங்க வாயில திரும்பத் திரும்ப வர்ற ஒரு பேச்சைப் பத்தி தான் இந்தக் கடிதம். "இன்சூரன்ஸ் பணம் வாங்கினா கவர்மென்ட் உதவித்தொகை கட் ஆயிடும்னு சொல்றாங்களே, எதுக்கு வம்பு, விட்டுடுவோம்"ங்கிறாங்க. வேற சில பேர், உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுட்டா இன்சூரன்ஸ்காரன் தர மாட்டான்னு நினைச்சு, ஊன சர்டிபிகேட் தர்ற ஆஸ்பத்திரி டாக்டர் போர்டு பக்கமே போகாம இருக்காங்க. ரெண்டுமே பெரும்பாலும் தப்பு, ஆனா சில இடத்துல மட்டும் நிஜமாவே ஒண்ணு இன்னொண்ணை வெட்டும், அந்த இடம் எது எதுன்னு எந்த ஆபீஸ் சுவத்துலயும் எழுதி வைக்கல.

மிளகு சீசன்ல நடந்ததைச் சொல்றேன். எங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், தேயிலைத் தோட்டத்துல நிக்கிற சில்வர் ஓக் மரத்துல ஒத்தை மூங்கில் ஏணி போட்டு மிளகு பறிக்கும்போது விழுந்துட்டாரு. முதுகெலும்பு போச்சு, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. அவங்க வீடு ரோட்டுல இருந்து படி இறங்கிப் போகணும், வீல்சேர் கொடுத்தாலும் வாசல் வரைக்கும் தான் உருளும். அவரோட சம்சாரம், அந்த அக்கா, இலை பறிக்கப் போறதை நிறுத்திட்டு வீட்டோட இருந்து பார்த்துக்கிறாங்க, அதனால போனது ரெண்டு பேர் சம்பளம். யூடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு பண்ணணும்னு கடைக்கு வந்தாங்க. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுக்காரர் பாஸ்புக் எல்லாம் மஞ்சப்பையில இருந்துச்சு. பாஸ்புக்கைப் புரட்டினா மே மாசக் கடைசியில 20 ரூபாய் கழிச்சிருக்கு. "அது ஏதோ பேங்க் பிடிக்கிற காசு"ன்னாங்க. அது பேங்க் பிடிக்கிற காசு இல்ல, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, விபத்துக் காப்பீடு. 18 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும் பேங்க் அக்கவுண்ட் இருக்கிறவங்க வருஷத்துக்கு 20 ரூபாய்ல சேரலாம், ஜூன் 1ல இருந்து அடுத்த மே 31 வரைக்கும் செல்லும். விபத்துல உயிர் போனாலோ, ரெண்டு கண்ணு, ரெண்டு கை இல்ல ரெண்டு கால் செயல் இழந்தாலோ 2 லட்சம், ஒரு கண்ணு இல்ல ஒரு கை, ஒரு கால்னா 1 லட்சம். ரெண்டு காலும் செயல் இழந்து கிடக்கிறவருக்கு அந்த 2 லட்சம் சேர வேண்டியது.

ஆனா அவங்க கேக்கத் தயாரா இல்ல. ஊர்ல யாரோ பெரியவங்க, அந்த ரெண்டு லட்சத்தை வாங்கினா மாசாமாசம் வர வேண்டிய ரெண்டாயிரம் வராதும்மான்னு சொல்லி வச்சிருக்காங்க. அந்த ரெண்டாயிரம் எங்க இருந்து வருதுன்னா, நம்ம மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தர்ற பராமரிப்பு உதவித்தொகை. முதுகுத்தண்டு பாதிப்பு, தசைச்சிதைவு, அறிவுசார் குறைபாடு, 75 சதவீதத்துக்கு மேல கடும் ஊனம், தொழுநோய்ல பாதிக்கப்பட்டு குணமானவங்க, இப்படிச் சில பிரிவுக்குத் தர்றாங்க, 2023 ஜனவரியில 1500ல இருந்து 2000 ஆச்சு. இது ஒரு வழி. வருவாய்த்துறை, அதாவது தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார் மூலமா வர்ற மாற்றுத்திறனாளி பென்ஷன் இன்னொரு வழி, அது அதே சமயத்துல 1000ல இருந்து 1500 ஆச்சு. இந்த ரெண்டுல ஒண்ணு தான் ஒருத்தருக்கு. ஊர்ல "ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு போகும்"னு சொல்றதுக்கு அடிப்படையே இதா தான் இருக்கும்னு நினைக்கிறேன். கவர்மென்ட்டோட ரெண்டு உதவித்தொகைக்கு உள்ள விதியை எடுத்து இன்சூரன்ஸுக்கும் சேர்த்துப் பேசிட்டாங்க. சுரக்ஷா பீமா விதியில, வேற இன்சூரன்ஸ் எது இருந்தாலும் இது அதுக்கு மேல தனின்னு தான் இருக்கு.

அக்காவுக்கு இதைச் சொல்லிப் புரிய வச்சு ஃபார்ம் போட்டோம். அப்போ ஒரு விஷயம் கிட்டத்துல பார்த்தேன், எல்லாருக்கும் உபயோகப்படும். இந்தத் திட்டத்துல ரோடு விபத்து, தண்ணியில மூழ்கறதுன்னா போலீஸ்ல பதிவு இருக்கணும். பாம்புக்கடி, மரத்துல இருந்து விழறது மாதிரின்னா ஆஸ்பத்திரியில உடனே எழுதின பதிவு போதும். அப்போ கேஷுவாலிட்டியில முதல் தடவை எழுதுற ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டுக் காப்பி தான் உயிர். போலீஸ் கேஸ் ஆயிடுமோ, தோட்டக்காரருக்குத் தொந்தரவு வருமோன்னு பயந்து "வீட்டுல வழுக்கி விழுந்தாரு"ன்னு சொல்றவங்க நம்ம மலையில நிறைய, அந்த ஒரு வரி பின்னாடி எல்லா இடத்துலயும் இடிக்கும். நல்ல வேளை இவருக்கு "மிளகு பறிக்கும்போது மரத்துல இருந்து விழுந்தார்"னு டாக்டர் தெளிவா எழுதியிருந்தாரு. க்ளைம் ஃபார்ம் பேங்க் கிளைக்கு முடிஞ்ச வரைக்கும் 30 நாளுக்குள்ள போகணும். பணம் வந்துச்சு, உதவித்தொகையும் தனியா சாங்ஷன் ஆச்சு, ஒண்ணு இன்னொண்ணைத் தொடல.

இந்தப் பயம் வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஊர்ப் பிள்ளைங்க நிறைய பேர் வெளிநாட்டுல இருக்காங்க, அவங்க அங்க நடக்கிறதைச் சொல்றாங்க, இங்க அதையே விதின்னு எடுத்துக்கிறாங்க. அமெரிக்காவுல கம்பெனி மூலமா லாங் டேர்ம் டிசெபிலிட்டின்னு ஒரு தனியார் பாலிசி இருக்கும், வேலை செய்ய முடியாமப் போனா சாதாரணமா சம்பளத்துல 60 சதவீதம் மாதிரி மாசாமாசம் வரும், நோயால முடியாமப் போனாலும் வரும். கவர்மென்ட் பக்கம் சோஷியல் செக்யூரிட்டியில ஊனத் தொகை தனியா உண்டு. ஆனா அந்தத் தனியார் பாலிசியிலயே, கவர்மென்ட் எவ்வளவு தருதோ அதை எங்க தொகையில கழிச்சுக்குவோம்னு எழுதியிருப்பாங்க. அது மட்டும் இல்ல, அப்பாவோ அம்மாவோ முடியாமப் போனா பிள்ளைங்களுக்குன்னு அங்க கவர்மென்ட் தனியா ஒரு தொகை தரும், பெத்தவங்க தொகையில பாதி வரைக்கும், மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு உச்சவரம்பு வச்சு. பிள்ளைங்க பேர்ல வர்ற அந்தக் காசைக் கூட நிறைய பாலிசி கழிச்சுக்குது. கவர்மென்ட் லேட்டா சாங்ஷன் பண்ணி அரியர் மொத்தமா வந்துச்சுன்னா, அதுல ஒரு பங்கை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டணும். செலவு பண்ணிட்டுத் தவிக்கிற குடும்பங்க உண்டு. அங்கயும் வெட்டுறது இன்சூரன்ஸ் கம்பெனி தான், தனியார் பாலிசி இருக்குங்கிறதுக்காக கவர்மென்ட் தன் தொகையைக் குறைக்கிறது இல்ல. அந்த நாட்டு விதி அந்த நாட்டோட. அங்க மாதிரி நோய்க்கும் சேர்த்து வருஷக்கணக்கா மாசச் சம்பளம் தர்ற பாலிசி நம்ம ஊர்ல சாமானியர் கைக்குக் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். இங்க கிடைக்கிறது விபத்துப் பாலிசி, இல்லன்னா எல்ஐசி மாதிரி ஆயுள் பாலிசியோட கூடுதலா ஒட்டி எடுக்கிற விபத்துக் காப்பு, ரைடர்னு சொல்வாங்க. அது மொத்தத் தொகையா இத்தனைன்னு பேசி வச்ச ஒப்பந்தம், நீங்க பிரீமியம் கட்டினீங்க அவங்க தரணும், அவ்வளவு தான்.

இப்போ நிஜமா எங்க வெட்டும்னு சொல்றேன். வேலை செய்யற இடத்துல அடிபட்டா முதலாளி தர வேண்டிய ஈட்டுத்தொகை ஒண்ணு இருக்கு, 1923ல இருந்து இருக்கிற சட்டம், இப்போ 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள கொண்டு போயிட்டாங்க. எஸ்டேட்காரங்களுக்கும் உண்டு. மொத்தமா முடங்கிப் போனா மாசச் சம்பளத்துல 60 சதவீதத்தை வயசுக்குத் தகுந்த ஒரு எண்ணால பெருக்கித் தரணும். ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிற தொழிலாளின்னா இது கிடையாது, ஈஎஸ்ஐ தர்ற ஊனப் பலன் தான், முழு நிரந்தர ஊனத்துக்கு சம்பளத்துல 90 சதவீதம் ஆயுசு பூரா. ரெண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அதே மாதிரி எஸ்டேட் வண்டியில போகும்போது விபத்துன்னா மோட்டார் வாகனச் சட்டத்துல கேஸ் போடலாம், இல்ல தொழிலாளர் ஈட்டுத்தொகையில கேக்கலாம், ரெண்டுல ஒண்ணைத் தான் தேர்ந்தெடுக்கணும். எதுல கூட வரும்னு வக்கீல் கிட்டயோ, காசில்லன்னா சட்டப்பணிகள் ஆணைக்குழுவுலயோ கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.

முதலாளி போட்ட பாலிசிங்கிறதையும் நல்லா பிரிச்சுப் பார்க்கணும். தன் தலையில வர்ற ஈட்டுத்தொகையைக் கட்டுறதுக்காக முதலாளி ஒரு இன்சூரன்ஸ் எடுத்து வச்சிருப்பாரு, அதுல இருந்து வர்றது உங்களுக்கு உபரி கிடையாது, அவர் தர வேண்டிய அதே பணம். ஆனா நீங்க உங்க கைக்காசுல கட்டின விபத்துப் பாலிசி, பேங்க்ல பிடிச்ச 20 ரூபாய், எல்ஐசி ரைடர், இதெல்லாம் உங்களோடது, அதைக் காட்டி முதலாளியோ ஈஎஸ்ஐயோ ஒரு ரூபாய் கழிக்க முடியாது. "உனக்குத் தான் இன்சூரன்ஸ்ல வந்துடுச்சே, இதுல கையெழுத்துப் போட்டுட்டு இவ்வளவு வாங்கிக்கோ"ன்னு வெத்துப் பேப்பர நீட்டுறது நடக்குது. ஆணையர் கிட்டப் பதிவு பண்ணாத அந்த மாதிரி ஒப்பந்தத்தை நம்பி இருக்க வேணாம், ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கலாம்.

ரோடு விபத்துல இது இன்னும் தெளிவா இருக்கு. மேட்டுப்பாளையம் ரோட்டுலயும் கல்லட்டி இறக்கத்துலயும் அடிபட்டவங்க கேஸ் போட்டா, எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்குறது "இவருக்கு வேற பணம் வந்துச்சுல்ல". ஹெலன் ரெபெல்லோ வழக்குல சுப்ரீம் கோர்ட், செத்துப்போனவரோட ஆயுள் இன்சூரன்ஸ் பணத்தை விபத்து நஷ்டஈட்டுல கழிக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, 2018ல செபாஸ்டியானி லக்ரா வழக்குல பென்ஷன், கிராஜுட்டி மாதிரி தொகையையும் கழிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. காரணம் ரொம்ப எளிசு, அவர் உழைச்சு, சந்தா கட்டிச் சேர்த்ததோட பலன் தப்பு பண்ணின வண்டிக்காரனுக்குப் போகக் கூடாது. ஆனா ஆஸ்பத்திரி பில் விஷயம் வேற, அது செலவான காசைத் திருப்பித் தர்றது, ஒரே பில்லுக்கு முதலமைச்சர் காப்பீட்டுலயும் தனியார் மெடிக்ளைம்லயும் ரெண்டு தடவை முழுசா வாங்க முடியாது. ஒண்ணுல மிச்சம் விட்டதை இன்னொண்ணுல கேக்கலாம்.

அடுத்தது சதவீதம், நான் பார்த்த வரைக்கும் குடும்பங்க ரொம்ப ஏமாந்து போறது இதுல தான். டாக்டர் போர்டு 60 சதவீதம்னு கொடுத்தா இன்சூரன்ஸ்லயும் 60 சதவீதம் வரும்னு நினைக்கிறாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. கவர்மென்ட்டுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகை, 40 சதவீதமாவது இருந்தா தான் பெரும்பாலான சலுகை. இன்சூரன்ஸ்ல தனியா ஒரு அட்டவணை, பெரும்பாலான விபத்துப் பாலிசியில ஒரு கையோ ஒரு காலோ போனா எழுதியிருக்கிற தொகையில பாதி, கட்டைவிரல் போனா கால்வாசி மாதிரி. ஒரு உதாரணம் சொல்றேன், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது சிம்பு தெறிச்சு ஒருத்தருக்கு ஒரு கண்ணு மொத்தமாப் போச்சுன்னு வச்சுக்கங்க, இன்னொரு கண்ணு நல்லா இருக்கு. கவர்மென்ட் கணக்குல அது 30 சதவீதம், 40ஐத் தொடல, பென்ஷன் கிடையாது. ஆனா அதே ஆளுக்கு சுரக்ஷா பீமாவுல 1 லட்சம் உண்டு, வேலை நேரத்துல நடந்திருந்தா முதலாளி ஈட்டுத்தொகையும் உண்டு. "கார்டே கிடைக்கல, இனி எங்க இன்சூரன்ஸ்"னு அவர் வீட்டோட உக்காந்துட்டா எல்லாமே போச்சு. கோர்ட்டு கணக்கு மூணாவது. 2010ல ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, உடம்புல எத்தனை சதவீதம் ஊனம்ங்கிறது ஒண்ணு, அதனால சம்பாதிக்கிற சக்தி எவ்வளவு போச்சுங்கிறது வேற. ஒரு கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட நூறு சதவீதம் பிழைப்பு போச்சு, அதே கை ஒரு ஆபீஸ் கிளார்க்குக்குப் போனா அப்படி இல்ல. சரிவுல நின்னு இலை பறிக்கிற, உரமூட்டை தூக்குற நம்ம ஜனங்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய துணைன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொரு பெரிய வித்தியாசம், கவர்மென்ட் எவ்வளவு ஊனம்னு பார்க்குது, இன்சூரன்ஸ் எதனால ஊனம்னு பார்க்குது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டவங்க, சுகர்ல கால் எடுத்தவங்க, இவங்களுக்கு விபத்துப் பாலிசியில ஒண்ணும் வராது, ரைடர்லயும் வராது, பேர்லயே விபத்துன்னு இருக்கு. தனியா தீவிர நோய்ப் பாலிசி இருந்தா தான் உண்டு. இதை ஏஜென்ட்டுங்க விக்கும்போது சொல்லணும். "ஊனமானா பணம் வரும்"னு பொத்தாம் பொதுவாச் சொல்லி வித்துட்டு, அப்புறம் வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிறவர் பாலிசியைத் தூக்கிட்டு அந்தம்மா வரும்போது எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. இந்த மாதிரி குடும்பத்துக்கு மிஞ்சுறது அந்த 1500, 2000 தான். ஆந்திராவுல 2024ல இருந்து மாற்றுத்திறனாளி பென்ஷன் 6000, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு 15,000. நம்ம மாநிலமும் இதை யோசிக்கணும், ஏன்னா நோயால முடங்கினவங்களுக்கு இன்சூரன்ஸ் கதவு ஏற்கனவே மூடித் தான் இருக்கு.

நாள் கெடு விஷயம். எல்ஐசி ரைடர்ல விபத்து நடந்து 180 நாளுக்குள்ள ஊனம் ஆகியிருக்கணும், அந்தத் தொகையும் மொத்தமா இல்லாம 10 வருஷத்துக்கு மாசத் தவணையா வரும், மேற்கொண்டு பாலிசியில அந்த ரைடர் தொகைக்குச் சமமான பங்குக்கு பிரீமியம் கட்ட வேணாம். மத்த விபத்துப் பாலிசியில 12 மாசம்னு இருக்கும். ஆனா ஆஸ்பத்திரி போர்டுல போனா, வைத்தியம் முடியட்டும், நிலைமை நிலைக்கட்டும், அப்புறம் நிரந்தர சர்டிபிகேட் தர்றோம்னு சொல்வாங்க. அவங்க சொல்றது மருத்துவப்படி சரி தான். இடையில மாட்டிக்கிறது குடும்பம். அதனால சர்டிபிகேட் வரட்டும்னு காத்திருக்காம, விபத்து நடந்ததைக் கம்பெனிக்கு உடனே எழுத்துல தெரிவிச்சு ரசீது வாங்கி வச்சுக்கணும், டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்கணும், போர்டு தற்காலிக சர்டிபிகேட் கொடுத்தா அதையும் அனுப்பணும். பந்தலூர்ல இருந்தோ தேவாலாவுல இருந்தோ ஊட்டி போர்டுக்கு வந்துட்டுப் போறதுன்னா அன்னைக்கு ரெண்டு பேர் கூலி போச்சு, நடக்க முடியாதவரை வண்டி வச்சுத் தான் கூட்டிட்டு வரணும். அப்படி ஒரு தடவை வரும்போதே ரெண்டு பக்கத்துக்கும் தேவையான பேப்பர் கையில கிடைச்சுடணும்.

பிறவியிலயே பாதிப்போட இருக்கிற பிள்ளைங்களைப் பத்தி சொல்லாம விட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் மூலமா நிராமயான்னு 1 லட்சம் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கு, தெரபிக்கும் வெளிநோயாளியா பார்க்கிறதுக்கும் கூட, சேர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் எதுவும் கேக்க மாட்டாங்க. நம்ம மலையில இதை வச்சிருக்கிற குடும்பத்தை நான் அதிகமாப் பார்க்கல, முகாம்லயாவது சொன்னா நல்லது. தனியார்லயும், மாற்றுத்திறனாளின்னு சொல்லி வாசல்லயே திருப்பி அனுப்பக் கூடாது, 2022 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட் சொன்ன பிறகு 2023 பிப்ரவரியில இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியும் இவங்களுக்குன்னு ஒரு பாலிசி வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ஆனா சேரும்போது இருக்கிற பாதிப்பை மறைக்காதீங்க, மறைச்சா அதையே காரணமாக் காட்டுவாங்க.

அரசு வேலையில இருந்த பெத்தவங்க ஒண்ணைக் கவனிக்கணும். அருவங்காடு ஃபேக்டரி, வெலிங்டன்னு மத்திய அரசு வேலை பார்த்த குடும்பம் நம்ம மாவட்டத்துல எவ்வளவோ. அவங்களுக்குப் பின்னாடி, சம்பாதிக்க முடியாத நிலையில இருக்கிற பிள்ளைக்கு ஆயுசு பூரா குடும்ப ஓய்வூதியம் உண்டு, ஆனா 2021ல வந்த விதிப்படி அந்தப் பிள்ளைக்கு மத்த வழியில வர்ற மொத்த வருமானம் அந்த ஓய்வூதியத்தை விடக் கம்மியா இருக்கணும். நமக்குப் பின்னாடி பிள்ளை கஷ்டப்படக் கூடாதுன்னு அவன் பேர்லயே பெரிய மாசத்தொகை வர்ற மாதிரி பாலிசி எடுத்து வச்சா, அது அந்த வருமானக் கணக்குல வந்து நிக்கும். இங்க தான் தனியார் இன்சூரன்ஸ் நிஜமாவே கவர்மென்ட் பலனைத் தொடுற இடம், பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே பென்ஷன் ஆபீஸ்ல கேட்டுட்டு எடுங்க. பிஎஃப் பென்ஷன்ல அப்படி இல்ல, எஸ்டேட் தொழிலாளி இறந்துட்டா, முழுசா நிரந்தரமா முடங்கின பிள்ளைக்கு வயசு வரம்பு இல்லாம பென்ஷன் உண்டு, அதுக்கு அவங்க சேமிப்பைக் கேக்குறது இல்ல. 18 வயசு தாண்டின அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைன்னா, பேங்க்லயும் இன்சூரன்ஸ்லயும் பாதுகாவலர் சர்டிபிகேட் கேப்பாங்க, அது கலெக்டர் தலைமையில இருக்கிற உள்ளூர்க் குழு தர்றது. பெத்தவங்க உயிரோட இருக்கும்போதே வாங்கி வச்சுடுங்க.

க்ளைம் தள்ளுபடி ஆனா அதோட முடிஞ்சு போகல. முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார், ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர் கிட்டப் போகலாம், ஒரு வருஷத்துக்குள்ள. 50 லட்சம் வரைக்கும் பார்ப்பாங்க, கட்டணம் இல்ல, வக்கீல் வேணாம், ஆன்லைன்லயே அனுப்பலாம். எங்க ஊர்க்காரர் ஒருத்தருக்கு "கவர்மென்ட் சர்டிபிகேட்ல தேதி லேட்டு"ன்னு ஒரு தனியார் கம்பெனி தள்ளிவிட்டாங்க, இப்போ அந்தப் புகார் போயிருக்கு. ஊட்டியில மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கு.

கலெக்டர் அம்மாவுக்கும் மாற்றுத்திறனாளி நல அலுவலருக்கும் நம்ம பத்திரிகை மூலமா நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. முகாம்ல டாக்டருங்க உக்கார்ற ஹால்லயே ஒரு மேஜை போட்டு, லீட் பேங்க்ல (மாவட்டத்துல மத்த பேங்க்கை ஒருங்கிணைக்கிற பேங்க்) இருந்து ஒருத்தர், தொழிலாளர் துறையில இருந்து ஒருத்தர், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இருந்து ஒருத்தர் உக்காரட்டும். சர்டிபிகேட் வாங்கிட்டு வர்றவங்க பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து அந்த 20 ரூபாய் பிடிச்சிருக்கான்னு சொல்லட்டும், ஈஎஸ்ஐயா பிஎஃப்பான்னு கேட்டு எந்த ஃபார்ம்னு எடுத்துக் கொடுக்கட்டும். எது எதோட சேரும் எது எதை வெட்டும்னு ஒரு பக்கத் தாள்ல தமிழ்ல அடிச்சு கூடலூர், பந்தலூர், குந்தா, குன்னூர், கோத்தகிரி எல்லா தாலுகா ஆபீஸ்லயும் பேங்க் கிளையிலயும் ஒட்டட்டும். அந்தத் தாளை நீங்களும் ஒரு தடவை பேப்பர்ல போட்டீங்கன்னா, முகாம் தேதிக்குப் பக்கத்துலயே கண்ணாடியில ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மைய நடத்துநர், ஒரு வாசகர்
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்